முப்பது வருடம் நின்ற வீடு இன்னொரு மாடியைத் தாங்குமா?

"வீடு முப்பது வருடம் விரிசல் விடாமல் நின்றுவிட்டது, அஸ்திவாரம் நன்றாக இறுகியிருக்கும், தைரியமாக மேலே ஒரு மாடி எழுப்பலாம்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

வீடு இத்தனை நாள் தாங்கியது இப்போதுள்ள எடையைத்தான். புது மாடி வந்தால் கணக்கே வேறு. 5 அங்குல கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் வரும். 9 அங்குலச் செங்கல் சுவர், 3 மீட்டர் உயரத்தில், ஒரு மீட்டர் நீளத்துக்கே சுமார் 1300 கிலோ. இவ்வளவும் பழைய தூண் வழியாகப் பழைய மண்ணுக்குத்தான் இறங்க வேண்டும்.

கான்கிரீட் வயதாக ஆக உறுதியாகும் என்பதும் பாதி உண்மைதான். பெரும்பகுதி பலம் முதல் 28 நாளிலேயே வந்துவிடுகிறது. அப்புறம் ஈரம் புகுந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் பூச்சு உப்பி, கம்பியை ஒட்டி நீளமாகக் கீறல் விழுகிறது. மொட்டை மாடியில் பின்னால் கட்டலாம் என்று விட்டுவைத்த கம்பிகளைக் கையால் தேய்த்துப் பாருங்கள், செதில் செதிலாக உதிர்ந்தால் அதை நம்பித் தூண் எழுப்பக்கூடாது.

சரி, எப்படி முடிவெடுப்பது? கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்து, அஸ்திவாரத்தின் ஓரம் குழி தோண்டி அகலம், ஆழம், மண் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தூணில் கான்கிரீட்டின் பலத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். தாங்காது என்றால், பக்கத்தில் தனி அஸ்திவாரத்தோடு ஒரு அறை சேர்க்கலாம், அல்லது உள்ளே சுமை தாங்காத தடுப்புச் சுவரை மாற்றி இடம் எடுக்கலாம். எந்தச் சுவர் சுமை தாங்குகிறது என்பதையும் அவரே சொல்லட்டும்.