சிறகு வடிவம் வெறும் வித்தை இல்லை

ஆங்கிலக் கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் ‘ஈஸ்டர் விங்ஸ்’ (ஈஸ்டர் சிறகுகள்) என்ற கவிதை, சிறகு வடிவில் வரிகள் அமைந்தது. அதைப் பற்றி ஒருவர், “சிறகு மாதிரி அச்சிட்டது வெறும் கண்கட்டு வித்தை, வரிகளைச் சாதாரணமாக அடுக்கினாலும் பொருள் ஒன்றுதான்” என்கிறார். தப்பு. வடிவம் அச்சுக் கோப்பவர் செய்ததல்ல, யாப்பிலேயே இருக்கிறது.

முதல் வரியில் பத்து அசை: இறைவன் மனிதனைச் செல்வச் செழிப்போடு படைத்தான். மனிதன் அதைத் தொலைக்கத் தொலைக்க, வரிக்கு இரண்டு அசை குறைந்துகொண்டே போய் ‘மோஸ்ட் புவர்’ என்ற இரண்டே அசையில் வந்து நிற்கிறது. பரம ஏழை என்று சொல்லும் வரியே ஏழையாகிவிடுகிறது! அடுத்த வரி ‘வித் தீ’, அதாவது ‘உன்னோடு’. அதற்கும் இரண்டே அசை. அப்புறம் வானம்பாடிபோல் எழ வேண்டும் என்று கேட்கக் கேட்க வரி நீண்டு, மறுபடி பத்து அசைக்கு வருகிறது. இரண்டாம் பத்தியிலும் இதே கணக்குதான். அங்கே ‘மோஸ்ட் தின்’ என்று வரியே மெலிகிறது.

நேராக அடுக்கி வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், மூச்சு சுருங்கி விரிவது அப்போதும் தெரியும். 1633 பதிப்பில் வரிகளைப் பக்கவாட்டில் அச்சிட்டதால் புத்தகத்தைத் திருப்பித்தான் படிக்க வேண்டும். அதை வேண்டுமானால் வித்தை என்று சொல்லிக்கொள்ளுங்கள், சரி.