2020 மார்ச் 26: கொப்பியின் கடைசி வரி

கொரோனா ஊரடங்கு நாள்களில், கேட்ட செய்திகளையெல்லாம் திகதி போட்டு ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. சென்ற வாரம் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அந்தக் கொப்பி கையில் அகப்பட்டது. 2020 மார்ச் 26, வியாழக்கிழமை என்று எழுதிய பக்கத்துக்கு வந்தபின் மேலே புரட்ட மனம் வரவில்லை. அந்தப் பக்கத்தில் ஒன்பது செய்திகள் இருக்கின்றன. எட்டை நீல மையில், வரிக்கு வரி இடம் விட்டு, நிறுத்தி எழுதியிருக்கிறேன். ஒன்பதாவது மட்டும் பக்கத்தின் அடியில் பென்சிலால் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது.

முதல் வரி அமெரிக்காவைப் பற்றியது. தொற்று உறுதியானோரின் தொகை 82,000 ஐக் கடந்து, சீனாவையும் இத்தாலியையும் பின்தள்ளி அந்த நாடு உலகில் முதலிடத்துக்கு வந்த நாள் அது. அதே நாளில், வேலை இழந்து உதவித்தொகைக்கு ஒரே வாரத்தில் விண்ணப்பித்த அமெரிக்கர்கள் 32 இலட்சத்துக்கும் அதிகம் என்ற கணக்கும் வெளியானது. 1982 இல் பதிவான 6 இலட்சத்து 95 ஆயிரமே அதுவரை உச்சமாக இருந்தது. இத்தாலியில் இறந்தோர் தொகை 8,000 ஐத் தாண்டியிருந்தது. சவூதி மன்னர் சல்மான் தலைமையில் ஜி20 நாடுகளின் தலைவர்கள் காணொளி வழியாகக் கூடி, உலகப் பொருளாதாரத்துக்குள் ஐந்து இலட்சம் கோடி டொலருக்கு மேல் செலுத்துவதாக அறிவித்தார்கள். இந்தியாவில் 21 நாள் முடக்கத்தின் இரண்டாம் நாள். நிர்மலா சீதாராமன் 1 இலட்சத்து 70 ஆயிரம் கோடி ரூபாய் நிவாரணத்தை அறிவித்தார். தென்னாபிரிக்கா அன்று நள்ளிரவு முடங்கியது. பிரித்தானியாவில் இரவு எட்டு மணிக்கு மக்கள் வாசலில் நின்று மருத்துவப் பணியாளருக்காகக் கை தட்டினார்கள். நமக்கு அப்போது நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி. லண்டனில் இருக்கும் தங்கச்சி அனுப்பிய காணொளியில் அவளுடைய மகன் சோற்றுப் பானை மூடியில் அகப்பையால் தட்டிக்கொண்டிருந்தான். காலையில் எழுந்து அதைப் பார்த்துக் கண் கலங்கி, முதல்நாள் பக்கத்திலேயே எட்டாவது வரியாக எழுதியிருக்கிறேன். அப்போது பென்சில் வரி ஏற்கெனவே அடியில் இருந்திருக்க வேண்டும். அதற்கு மேலே இடம் இருந்ததால் நீல மையில் இதைச் சேர்த்திருக்கிறேன்.

அந்தப் பென்சில் வரி இதுதான்: "மிருசுவில் வழக்கு, மரண தண்டனைக் கைதி, ஜனாதிபதி மன்னிப்பு, விடுதலை."

யாழ்ப்பாணம் அன்று எப்படியிருந்தது என்பதை நினைவுபடுத்த வேண்டும். அரியாலையில் நடந்த ஓர் ஆராதனையின் தொடர்ச்சியாக நமது மாவட்டத்திலும் தொற்று உறுதியாகிச் சில நாள்களே ஆகியிருந்தன. அபாய வலயமாக அறிவிக்கப்பட்ட மாவட்டங்களில் யாழ்ப்பாணமும் ஒன்று என்பதால், மறு அறிவித்தல் வரை ஊரடங்கு. படலை பூட்டியபடி இருந்தது. அயல் வீட்டாருடன் கொடுக்கல் வாங்கல் எல்லாம் வேலியில் இருந்த சிறிய திறப்பான பொட்டு வழியாகவே நடந்தது.

அயல் வீட்டு ஆச்சி தென்மராட்சிப் பக்கத்தவர். 2000 ஆம் ஆண்டு யுத்தத்தில் இடம்பெயர்ந்து வந்து, திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவர். அன்று பின்னேரம் பொட்டுக்குள்ளால் நான்கு முருங்கைக்காயை நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன்; அவர் கையை விடவில்லை. "தம்பி, அவனை விட்டிட்டாங்களாம், கேள்விப்பட்டனியோ?" என்று கேட்டார். எவனை என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. இத்தாலி, அமெரிக்கா, தொகை, வீதம் என்று நாள் முழுவதும் தொலைபேசியிலேயே கிடந்தவனுக்கு, கொடிகாமத்துக்கு அப்பால் ஏ9 வீதியில் இருக்கும் ஓர் ஊர் நினைவுக்கு வரவில்லை. "மிருசுவில் பெடியளைக் கொன்றவன். நாங்களும் அந்த மாசம் வீட்டைப் பாத்திட்டு வருவமெண்டுதான் இருந்தனாங்கள்" என்றார் ஆச்சி. பிறகு கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

2000 டிசம்பரில், உடுப்பிட்டியில் இடம்பெயர்ந்து இருந்தவர்கள், மிருசுவிலில் தாங்கள் விட்டுவந்த வீடு வளவைப் பார்த்துவரப் போனார்கள். இராணுவத்தினர் அவர்களைப் பிடித்தார்கள். ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுப் பேர் கழுத்து வெட்டப்பட்டுப் புதைக்கப்பட்டார்கள். உயிர் தப்பிய ஒருவர் வந்து சொன்னதனால்தான் அது உலகுக்குத் தெரிந்தது. நம் மண்ணில் நடந்த எத்தனையோ கொலைகளில் நீதிமன்றத் தீர்ப்பு வரை போய்ச் சேர்ந்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. இது அவற்றுள் ஒன்று. 2015 ஜூனில் கொழும்பு மேல் நீதிமன்றம் சுனில் ரத்நாயக்க என்ற இராணுவ சார்ஜன்டுக்கு மரண தண்டனை விதித்து, மற்ற நால்வரை விடுவித்தது. 2019 இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. உறுதியாகி ஓர் ஆண்டு நிறையுமுன், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் மன்னிப்பில் அவர் வெளியே வந்தார்.

அவரைத் தூக்கிலிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மரண தண்டனையை நான் ஏற்பவன் அல்லன். 1976 இற்குப் பிறகு இந்த நாட்டில் அது நிறைவேற்றப்பட்டதும் இல்லை. மன்னிக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்கு இருப்பதையும் மறுக்கவில்லை. ஆனால் மரண தண்டனைக் கைதி ஒருவரின் விடயத்தில், தீர்ப்பளித்த நீதிபதியின் அறிக்கையும், அதன்மீது சட்டமா அதிபரின் ஆலோசனையும், நீதி அமைச்சரின் பரிந்துரையும் பெறப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 34 ஆவது உறுப்புரை சொல்கிறது. மிருசுவில் விடயத்தில் அவை என்ன சொல்லின என்பதைப் பிள்ளைகளை இழந்தவர்களுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும்.

ஆயிரக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்த நாளில் ஒரு கைதியின் விடுதலையைப் பெரிதாக்குவதா என்று சிலர் கேட்கக்கூடும். இத்தாலியில் பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமல் தனியே மூச்சு நின்றுபோன முதியவர்களை நினைத்து அந்நாள்களில் நானும் உறங்காமல் இருந்திருக்கிறேன். அந்தத் துயரத்தைக் குறைத்துச் சொல்ல என் நா எழாது. ஊரடங்கும் தேவையாகத்தான் இருந்தது. ஆனால் நம்மை நோயிலிருந்து காத்த அதே ஊரடங்கு, அநியாயம் நடக்கும்போது படத்தையும் பதாகையையும் ஏந்திக்கொண்டு கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தின் முன்பாகவோ பேருந்து நிலையத்திலோ நாம் நிற்கும் நான்கு முழ இடத்தையும் எடுத்துவிட்டது. ஒருவரும் வெளியே வர முடியாத நாளில் ஒரு கதவு திறக்கப்பட்டது என்பதுதான் என் நெஞ்சை அறுக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அதற்கு முதல் நாள், மார்ச் 25 அன்று, ஐ.நா. மனித உரிமைகள் ஆணையாளர் மிச்செல் பச்லெட், சிறைகளில் நெரிசலைக் குறைக்கும்படியும், முதியோரையும் நோயாளரையும், கருத்துக்காக அடைக்கப்பட்டவர்களையும் விடுவிக்கும்படியும் அரசுகளைக் கேட்டிருந்தார். அதற்குச் சில நாள் முன்னர்தான் அநுராதபுரம் சிறையில், தொற்றுப் பயத்தில் எழுந்த குழப்பத்தில் இரண்டு கைதிகள் கொல்லப்பட்டிருந்தார்கள். நம் அரசியல் கைதிகள் அடைக்கப்பட்டிருந்த சிறை அது. அவர்களுடைய தாய்மார் அந்த இரவுகளை எப்படிக் கழித்திருப்பார்கள் என்பதை எழுதத் தேவையில்லை. இந்த நிலையில்தான் மிருசுவில் கொலையாளிக்குக் கதவு திறந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பு என்று மறுநாளே ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் கண்டித்தது.

அந்த மறுநாளின் பக்கத்தையும் பார்த்தேன். பொரிஸ் ஜோன்சனுக்குத் தொற்று. மழையில், ஆளே இல்லாத புனித பேதுரு சதுக்கத்தில் பாப்பரசர் பிரான்சிஸ் தனியே நின்று செபித்தது. அதை ஐந்து வரி உருக்கமாக எழுதியிருக்கிறேன். மிருசுவில் என்ற சொல் அந்தப் பக்கத்தில் இல்லை. ஐ.நா. கண்டனம்கூட இல்லை. ஆச்சி அன்று பொட்டடிக்கு வந்தாரா, நான் அவருடன் ஏதாவது கதைத்தேனா என்பதும் இல்லை.

பென்சில் எழுத்து மங்கிக்கொண்டு வருகிறது. அந்த வரியின் மேல் நேற்று நீல மையால் எழுதினேன்.