இருபது மணி நேரக் கூலியில் கல்விக் கடன் அடையாது

பிரிட்டனுக்கு முதுகலை படிக்கப் போகும் பிள்ளை பகுதிநேர வேலை பார்த்தே கடனை அடைத்துவிடும் என்று நம்பி, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கத் தயாராகும் பெற்றோர் ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். அவர்களிடம் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். அந்தக் கணக்கு தவறு. அந்தத் தவறான கணக்குதான் பிள்ளைகளைச் சட்டத்துக்குப் புறம்பான வேலைக்குத் தள்ளுகிறது.

மாணவர் விசாவில் பட்டப்படிப்போ முதுகலையோ படிப்பவர், வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் மட்டுமே வேலை பார்க்கலாம். 21 வயது நிறைந்தவருக்கான குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்டு ஆனது. ஒரு வாரம்கூட விடுபடாமல் 20 மணி நேரமும் கிடைத்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 1,058 பவுண்டு வரும். அதே ஆண்டு ஜனவரியில், விசாவுக்கு மாணவர் காட்ட வேண்டிய கையிருப்பை பிரிட்டன் அரசு உயர்த்தியபோது, மாதச் செலவு லண்டனில் 1,483 பவுண்டு, லண்டனுக்கு வெளியே 1,136 பவுண்டு என்று கணக்கிட்டது. அந்த அரசே வகுத்த வாழ்க்கைச் செலவுக்கு முழுக் கூலியும் எட்டவில்லை என்னும்போது, கல்விக் கட்டணத்துக்கும் வட்டிக்கும் எதை மிச்சம் பிடிப்பது?

இந்த 20 மணி நேரத்தையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம். இந்த வாரம் 25, அடுத்த வாரம் 15 என்று சரிக்கட்ட முடியாது. முதுகலை மாணவர் ஆய்வேடு எழுதும் கோடைக்காலம் பொதுவாக விடுமுறையாகக் கருதப்படுவதில்லை. சுயதொழில் செய்யவும் அனுமதி இல்லை. அதனால்தான் டெலிவரி செயலியில் இன்னொருவர் பெயரில் உள்ள கணக்கை வாடகைக்கு எடுத்து உணவு டெலிவரி செய்வது இரட்டை ஆபத்து.

2021 செப்டம்பரில் நான் வந்தபோது எனக்கு வயது 24. கிழக்கு லண்டனில் நம் ஊர்க்காரர் ஒருவரின் உணவகத்தில் சமையலறை வேலை கிடைத்தது. பேஸ்லிப்பில் 20 மணி நேரத்துக்குச் சட்டப்படியான கூலி இருக்கும். அதற்கு மேல் செய்த வேலைக்கு மணிக்கு ஐந்து பவுண்டு கையில் தருவார்கள். அப்போது என் வயதுக்குரிய குறைந்தபட்சக் கூலி 8.91 பவுண்டு. ஊரில் வட்டி ஏறுகிறதே என்ற பயத்தில் ஒத்துக்கொண்டேன். கடைசி இரண்டு மாதம் கையில் தர வேண்டிய கூலியை முதலாளி தரவே இல்லை. யாரிடம் புகார் செய்வது? நான் வாய் திறந்தால் விதியை மீறியதை நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அது எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

விதியை மீறியது என் தவறுதான். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் விசா பறிபோகும் என்ற அச்சமே முதலாளிக்குப் பாதுகாப்பாக அமைவதை என்னால் ஏற்க முடியவில்லை. சட்டவிரோதமாக ஆள் வைத்து முதல் முறை பிடிபட்டால் ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம் என்று 2024 பிப்ரவரியில் உயர்த்தினார்கள். அது நல்லதுதான் என்றாலும், ஏமாற்றப்பட்ட மாணவர் பேசுவதற்கு அது வழி செய்யவில்லை. ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் இதற்கு ஒரு வழி திறந்தது: சுரண்டப்பட்டதற்குச் சான்று பெற்று, இனி விதிப்படி நடப்பதாக உறுதியளிக்கும் தற்காலிக விசாக்காரரின் விசாவை, பணி விதியை மீறியதற்காக ரத்து செய்யாமல் பாதுகாக்கும் ஏற்பாடு அது. பிரிட்டனுக்கும் இது வேண்டும்.

படித்து முடித்தபின் கிடைக்கும் காலத்தையும் சொல்ல வேண்டும். நாம் பிஎஸ்டபிள்யூ என்று சொல்லும், படிப்பு முடிந்தபின் தங்கி வேலை பார்க்கும் வாய்ப்பை 2012இல் மூடினார்கள். 2021 ஜூலையில், முனைவர் பட்டம் பெறாதவர்கள் இரண்டு ஆண்டு தங்கலாம் என்று மீண்டும் திறந்தார்கள். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களில் முனைவர் பட்டம் பெற்றோர் தவிர மற்றவர்களுக்கு அது 18 மாதம். அதற்குப் பின் தங்க வேண்டுமென்றால் பெரும்பாலோருக்குத் திறன்மிகு பணியாளர் விசாதான் வழி. அதற்கான பொதுச் சம்பள வரம்பு 2024 ஏப்ரலுக்கு முன் ஆண்டுக்கு 26,200 பவுண்டு. 2025 ஜூலையில் அது 41,700 ஆகிவிட்டது. புதிதாக வேலைக்கு வருவோருக்குச் சலுகை உண்டு என்றாலும், அதற்கும் 33,400 வேண்டும். கன்சல்டன்சிக்காரர் காட்டும் பட்டியலில் இந்த மாற்றங்கள் எத்தனை இருக்கின்றன என்று பெற்றோர் நேரில் கேட்க வேண்டும்.

அத்தகைய சம்பளம் தரும் வேலை உணவகத்திலோ கிடங்கிலோ இல்லை. பெரிய நிறுவனங்கள் பல, புதிய பட்டதாரிகளை எடுப்பதற்கான விண்ணப்பங்களைச் செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் பெற்றுக்கொள்கின்றன. ஓராண்டு முதுகலைக்கு வரும் பிள்ளை விமானத்திலிருந்து இறங்கிய சில வாரங்களிலேயே அந்தக் கதவு திறந்து, முதல் பருவம் முடிவதற்குள் பெரும்பாலும் மூடிவிடுகிறது. அந்த மாதங்களில் நான் இரவு ஒரு மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்து, காலை வகுப்பில் கண் சொக்கி உட்கார்ந்திருந்தேன். பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு ஆலோசனை அறை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டதே மார்ச்சில்தான்.

ஆகவே பெற்றோரிடம் நான் கேட்பது இதுதான்: கட்டணத்தோடு ஓராண்டுச் செலவுக்கும் வழி இருந்தால் மட்டும் அனுப்புங்கள், பகுதிநேரக் கூலியைக் கடன் கணக்கில் எழுதாதீர்கள். முதல் மூன்று மாதம் வேலைக்கே போகாமல் படிக்கவும் விண்ணப்பிக்கவும் தேவையான பணத்தைத் தனியாகக் கொடுத்தனுப்புங்கள். அது முடியாவிட்டால், இன்னும் ஓராண்டு ஊரில் வேலை பார்த்துச் சேர்த்துக்கொண்டு பிள்ளை கிளம்பட்டும்.