எந்தக் கால் என்று ஒரு வார்த்தை எழுதினால் என்ன டாக்டர்?

கால் சிவந்து வீங்கி, தொட்டால் சுடுகிறது. புண்ணிலிருந்து தொடை வரைக்கும் செவ்வரி ஓடியிருக்கிறது, தொடை இடுக்கில் நெறி வேறு கட்டியிருக்கிறது. எங்கள் பாட்டியிடம் காட்டினால் "விஷம் ஏறுதுடா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிடுவாள். அமெரிக்காவில் எமர்ஜென்சியில் பார்த்த டாக்டர் இதையெல்லாம் பரிசோதனைப் பகுதியில் விலாவாரியாக எழுதிவிட்டு, நோயின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் மட்டும் 'செல்லுலைட்டிஸ், கால்' என்று முடித்துக்கொண்டு போய்விட்டார். எந்தக் கால்? அதை ராத்திரி பதினொரு மணிக்குச் சென்னையில் உட்கார்ந்து நான் தேட வேண்டும்.

நான் மெடிக்கல் கோடர். (சாஃப்ட்வேர் இல்லை மாமா, எத்தனை கல்யாணத்தில் சொல்வது.) டாக்டர் எழுதுகிற நோயைக் குறியீடாக மாற்றி அனுப்பினால்தான் அங்கே இன்சூரன்ஸ் பணம் தரும். தோலுக்கடியில் பரவும் தொற்று செல்லுலைட்டிஸ், நிணநீர்க் குழாய் வழியாக ஏறுவது அக்யூட் லிம்ஃபாஞ்சைட்டிஸ், இரண்டும் எல்03 என்ற ஒரே குடும்பம்தான், ஆனால் தனித்தனி அடுப்பு. வலது காலில் செல்லுலைட்டிஸ் என்றால் எல்03.115, இடது என்றால் எல்03.116. அதே கால்களில் லிம்ஃபாஞ்சைட்டிஸ் என்றால் எல்03.125, எல்03.126. விரல்களுக்கு வேறு, அக்குளுக்கு வேறு, தொப்புளுக்குக்கூட எல்03.316 என்று ஒன்று இருக்கிறது. 2015 அக்டோபர் 1க்கு முன்னால், ஐசிடி-9 என்ற பழைய குறியீட்டுப் பட்டியலின் காலத்தில், பாதம் தவிர்த்த காலுக்கு 682.6 என்று ஒரே நம்பர், வலமும் கிடையாது இடமும் கிடையாது, சீழ்க்கட்டியும் அதிலேயே அடக்கம் என்று சீனியர்கள் சொல்லும்போது வயிறு எரியும்.

சரி, நோயாளியின் மருத்துவக் குறிப்பான சார்ட்டை மேலே கீழே உருட்டிப் பார்த்தேன். நர்ஸ் எழுதியதில் இடது கால். நோயாளி சொன்னதாக டாக்டரே எழுதிய பகுதியில் இடது கால். அவரே எழுதிய பரிசோதனையில் வலது கால்! பழைய நோட்டைக் காப்பி பேஸ்ட் அடித்திருப்பார் என்பது என் சந்தேகம், ஆனால் என் சந்தேகத்துக்கு இந்தத் தொழிலில் காலணா மதிப்பு கிடையாது.

அதுதான் எரிச்சலே. செவ்வரி ஓடுகிறது என்று எழுதியிருக்கிறார், படித்த யாருக்கும் அது லிம்ஃபாஞ்சைட்டிஸ் என்று தெரியும், ஆனால் அந்தப் பெயரை டாக்டர் தன் கையால் எழுதாதவரை எல்03.12 பக்கம் நான் தலைவைத்துப் படுக்கக் கூடாது. நெறி கட்டியதற்கு எல்04 இருக்கிறது, அதுவும் அவர் சொன்னால்தான். படித்தது பிசியோதெரபி, உடற்கூறு முழுக்க மனப்பாடம் செய்து, நாலு மணி நேரத்தில் நூறு கேள்வி எழுதி, கோடர்களுக்கான சிபிசி தேர்வும் பாஸ் பண்ணியாயிற்று. இவ்வளவும் எதற்கு? தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதற்கு.

இன்னும் சிலர் 'செல்லுலைட்டிஸாக இருக்கலாம்' என்று எழுதுவார்கள். நோயாளி அட்மிட் ஆகி, டிஸ்சார்ஜ் வரைக்கும் அந்த 'இருக்கலாம்' நீடித்தால் இருப்பதாகவே கோட் போடலாம். அதே ஆள் எமர்ஜென்சியிலிருந்து அன்றே வீட்டுக்குப் போனால் போடக் கூடாது, வீக்கம், வலி என்று அறிகுறியை மட்டும்தான் போட வேண்டும். விதி அது, விதியோடு எனக்குச் சண்டையில்லை. மூன்று மணி நேரம் எதிரில் படுத்திருந்த நோயாளியின் காலைப் பார்த்து வலது, இடது என்று எழுத முடியாதவரோடுதான் சண்டை.

எழுதியது ஒன்றோடொன்று முரண்பட்டால் டாக்டரிடம் க்வெரி, அதாவது எழுத்தில் விளக்கம் கேட்டுக் கேள்வி, போட வேண்டும். அதிலும் 'இடது கால்தானே டாக்டர்?' என்று நேராகக் கேட்க முடியாது, பதிலை நாமே ஊட்டுவது போல் ஆகிவிடுமாம். வலது, இடது, இரண்டும், சொல்ல இயலவில்லை என்று வரிசையாக அடுக்கி, பரீட்சைத் தாள் மாதிரி பவ்யமாக நீட்ட வேண்டும். அதுவரை சார்ட் ஹோல்டில் கிடக்கும், என் டார்கெட்டில் அது சேராது. டீம் லீடர் வந்து "இன்னிக்கு எத்தனை க்வெரிப்பா?" என்று கேட்பார்.

க்வெரி போடாமல் எல்லாம் தெரிந்த மாதிரி எல்03.116 அடித்துவிட்டால்? போன மாதம் அடித்தேன். நர்ஸ் நோட்டும் நோயாளி சொன்னதும் இடது, ரெண்டுக்கு ஒண்ணு என்று பார்த்து அடித்தேன். எங்கள் கோட்களைச் சரிபார்க்கும் ஆடிட்டர் எரர் வைத்தார், 'முரண்பாடு இருந்தால் க்வெரி'. குவாலிட்டி மதிப்பெண் 95 சதவீதத்துக்குக் கீழே போய் இன்சென்டிவ் போச்சு. அடுத்த வாரம் வேறொரு சார்ட்டில் நல்ல பிள்ளையாக க்வெரி போட்டேன், இன்னொரு ஆடிட்டர் 'தேவையில்லாத க்வெரி' என்று ஃபீட்பேக் அனுப்பினார். மறுத்து ரிபட்டல் எழுதினேன். 'ஆடிட்டர் முடிவே இறுதி' என்று ஒரு வரி பதில். எது சரி என்று இரண்டு ஆடிட்டர்களும் ஒரே டேபிளில் டீ குடிக்கும்போது பேசிக்கொண்டால் என்ன குறைந்துபோகும்?

பொறுக்காவிட்டால் எல்03.119 இருக்கிறதே, 'காலோ கையோ எங்கோ ஓரிடம்' என்று. அதைப் போட்டு அனுப்பினால் அங்கே இன்சூரன்ஸ்காரன் திருப்பி அடித்தாலும் அடிப்பான். அப்போது மட்டும் ஆஸ்பத்திரி விழித்துக்கொண்டு, இந்தியாவிலிருக்கிற கோடர் ஏன் தெளிவில்லாத கோட் போட்டான் என்று கேட்கும்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே நாலு நாளைக்கு முன் போட்ட அந்தக் கால் க்வெரிக்குப் பதில் வந்துவிட்டது. நாலு ஆப்ஷன் கொடுத்திருந்தேன். டாக்டர் எழுதியிருக்கிறார்: 'ஆமாம்.'