வங்கி ஏட்டில் வரவு, நம் ஏட்டில் பற்று: இரண்டும் சரியே

“நாம் பற்று (டெபிட்) என்று எழுதும் தொகையைப் பாஸ்புக்கில் வரவு (கிரெடிட்) என்று மாற்றிக் காட்டி வங்கிகள் ஏமாற்றுகின்றன” என்றொரு வாட்ஸ்அப் தகவல், தொண்டி முதல் பாம்பன் வரை மீன் வியாபாரிகளின் குழுக்களில் பரவி வருகிறது. இது தவறு.

நண்டு விற்ற 12,000 ரூபாயை வங்கியில் செலுத்தினால், அது நம் சொத்து என்பதால் நம் ஏட்டில் வங்கிக் கணக்கின் இடப்பக்கம், அதாவது பற்றில் ஏறும். அதே பணம் வங்கிக்கோ நமக்குத் திருப்பித் தரவேண்டிய கடன் என்பதால், அதன் ஏட்டில் நம் பெயரில் வரவாகப் பதியும். பாஸ்புக் வங்கி ஏட்டின் நகல்தானே! (பற்று என்றாலே நட்டம் என்று நினைப்பது பழைய குழப்பம்.)

தமிழக அரசின் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் நூலில், நம் ஏட்டையும் பாஸ்புக்கையும் ஒப்பிடும் ‘வங்கிச் சரிகட்டும் பட்டியல்’ பாடத்தில் இதைச் சரிபார்க்கலாம். அத்தகவலை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.