தைத்துக் கொடுங்கள் ஐயா!

பதிப்பாளர்களே, 800 பக்க நாவலை ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறீர்கள். பாதி படிப்பதற்குள் நடுமுதுகு பிளந்துகொள்கிறது. பிளந்த இடத்திலிருந்து தாள்கள் ஒவ்வொன்றாகக் கையோடு வருகின்றன. ஏதோ ஒரு புத்தகத்தில் எப்போதோ நேர்ந்த கோளாறு என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். சென்னைப் புத்தகக் காட்சியில் ஆசை ஆசையாய் வாங்கி வந்த மூட்டையில் பாதிக்கு இதே கதி. பதிப்பகத்துக்குப் போன் போட்டால், “பெர்ஃபெக்ட் பைண்டிங் சார், அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் பதமா புரட்டுங்க” என்று பதில் வருகிறது. புத்தகத்தை விரித்துப் படிப்பது வாசகன் செய்கிற தப்பா?

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் வயிறு இன்னும் எரியும். அச்சான பெரிய தாளை மடித்தால் 16 பக்கம் கொண்ட ஒரு ஃபாரம். தையல் பைண்டிங்கில் அந்த மடிப்பு வழியாக ஊசி ஏறி இறங்கும். அதே நூல் அடுத்த ஃபாரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். ஒரு தாள் வெளியே வர வேண்டுமானால் மடிப்பே கிழிய வேண்டும். பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் அந்த மடிப்பையே மெஷின் சீவித் தள்ளிவிடுகிறது. 800 பக்கமும் 400 உதிரித் தாள்களாகிவிடுகின்றன. சீவிய முதுகில் 170 டிகிரி வாக்கில் உருக்கிய பசையைத் தடவி, அட்டையைப் போர்த்தி அழுத்தினால் வேலை முடிந்தது. ஒவ்வொரு தாளையும் பிடித்துக்கொண்டிருப்பது அதன் விளிம்பில், தாளின் கனத்துக்கு ஒட்டியிருக்கும் பசை மட்டும்தான்.

சரி, அதையாவது ஒழுங்காகச் செய்கிறார்களா? முதுகைச் சீவிய பிறகு நன்றாகச் சொரசொரப்பாக்கி, வரி வரியாகக் கீறிவிட வேண்டும். அப்போதுதான் பசை இறங்கிப் பிடிக்கும். தாள் தூசியைத் துடைத்தெடுக்க வேண்டும். பசை சரியான சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். நாளைக்கு வெளியீட்டு விழா, இன்றைக்கு ராத்திரி பைண்டிங் என்று ஓடும்போது இதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை? வழக்கமாகப் போடுகிற ஈவிஏ பசை வெயிலில் நிற்கும் காருக்குள் இளகும். வருஷங்கள் போனால் காய்ந்து நொறுங்கும். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சிட்ட படப் புத்தகங்களில் அது சரியாகப் பிடிப்பதே இல்லை. பியூஆர் என்று வேறொரு பசை இருக்கிறது. காற்றின் ஈரத்தை வாங்கி இறுகும், இறுகிவிட்டால் மறுபடி உருகாது, ஆர்ட் பேப்பரையும் கவ்விக்கொள்ளும். அதற்கு மெஷின் தனி, செலவும் கூடுதல், முழுக்க இறுக ஒரு நாளாவது விட்டுவைக்க வேண்டும். அவ்வளவுதானே? ஆயிரம் ரூபாய் வாங்குகிறவர்கள் இதைச் செய்யக் கூடாதா?

உதிராத புத்தகமாவது நிம்மதியாக விரிகிறதா என்றால் அதுவும் இல்லை. தாளின் இழைகள் ஒரு திசையில் ஓடும். அந்த ஓட்டம் முதுகுக்கு இணையாக இருந்தால் பக்கம் தானாகப் படியும். வெட்டும்போது நாலு தாள் மிச்சமாகிறது என்று குறுக்கே வெட்டிப் போட்டால் புத்தகம் விறைத்துக்கொண்டு நிற்கும், இரண்டு கையாலும் பிடித்து அமுக்கினால்தான் படிக்க முடியும். அமுக்கினால் பசை விடுகிறது. இதில் 120 பக்கக் கவிதைத் தொகுப்புக்கு விட்ட அதே உள் மார்ஜினை 800 பக்க நாவலுக்கும் விடுகிறார்கள். வரிகளின் கடைசிச் சொல் முதுகுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. பக்கம் வடிவமைக்கிறவருக்கும் பைண்டிங் செய்கிறவருக்கும் நடுவே ஒரு பேச்சுகூட நடப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அட்டைக்கு மட்டும் ஓவியர், மேட் லேமினேஷன், மினுங்குகிற எழுத்து, எல்லாம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் பிளாஸ்டிக் படலம் ஒட்டியதால் சென்னை ஈரத்துக்கு அந்த அட்டையும் மேல்நோக்கிச் சுருண்டுகொள்கிறது. மடிக்கிற இடத்தில் முதலில் கோடு அழுத்தும் கிரீசிங்கைப் போடாமல் மடித்த கல்யாணப் பத்திரிகையில் மடிப்போரம் கலர் வெடித்து வெள்ளை தெரிவதும் இதே அலட்சியம்தான். பத்திரிகையாவது ஒரு மாதத்தில் குப்பைக்குப் போய்விடும். புத்தகம் அப்படியா?

எனக்கு மிகவும் ஆற்றாமை தருவது நூலகங்களின் நிலை. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் போக வேண்டும். தேசிய நூலகத்துக்குத் தரும் பிரதி பைண்டு செய்ததாகவோ தைத்ததாகவோ இருக்க வேண்டும், சிறந்த தாளில் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கன்னிமாராவுக்குக் கடையில் விற்கிற அதே நிலையில் உள்ள பிரதி போதும். அதாவது நம் கையில் உதிர்கிற அதே புத்தகம்தான், பேரப்பிள்ளைகள் வந்து தேடும்போது அங்கே இருக்கப்போகிறது. ஊர்ப்புற நூலகங்களில் பத்துப் பேர் படிப்பதற்குள் தாள் உதிர்ந்து, ஓரத்தில் துளை போட்டுச் சணலால் இறுக்கிக் கட்டுகிறார்கள். இருந்த கொஞ்ச மார்ஜினும் அதோடு போயிற்று.

முன்பெல்லாம் நூல் விவரப் பக்கத்தில் தாளின் தன்மை, நூலின் அளவு, எழுத்தின் அளவு என்ற வரிசையில் ‘கட்டுமானம்: தையல்’ என்று அச்சிட்ட புத்தகங்கள் உண்டு. என் அப்பா வாங்கிய அப்படிப்பட்ட புத்தகங்கள் தாள் பழுத்துப்போயும் ஒரு பக்கம் கழலாமல் அலமாரியில் நிற்கின்றன. அந்த வரியை ஏன் எடுத்தீர்கள்? சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனதாலா?

குறைந்த பிரதிகள் அடிக்கிறோம், டிஜிட்டலில் உதிரித் தாளாகத்தான் வருகிறது என்பீர்கள். 50 பிரதி அடிக்கிற சிறு பதிப்பாளரின் கஷ்டம் புரிகிறது. அவரிடம் எனக்குச் சண்டை இல்லை. ஆயிரக்கணக்கில் ஆஃப்செட்டில் அடித்து, ஃபாரமாகவே மடித்து வந்ததை, தைக்காமல் சீவித் தள்ளுகிறவர்களைத்தான் கேட்கிறேன். திருவல்லிக்கேணிப் பக்கம் பட்டறைகளில் தைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தையலுக்கு ஆகிற செலவை விலையில் ஏற்றிக்கொள்ளுங்கள், கொடுக்கிறோம். தையலா, பசையா, எந்தப் பசை என்று விவரப் பக்கத்தில் அச்சிடுங்கள்.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை தடிமனான புத்தகத்தை எடுத்தால் முதலில் முதுகின் மேல்முனையைப் பாருங்கள். ஃபாரம் ஃபாரமாக மடிப்பு வளைவு தெரிந்து, ஒரு ஃபாரத்தின் நடுவில் விரித்தால் நூலும் தெரிந்தால் அது தைத்தது. சீவியதுபோல் தட்டையாக இருந்தால் வெறும் பசை. ஸ்டாலில் இருப்பவர் முறைத்தால் முறைக்கட்டும். நன்றாக விரித்துப் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.