6 அடி பிளேடு போதும்ங்கறது பாதி சரி

அண்ணா, டிராக்டருக்குப் பின்னாடி மாட்டி மண்ண நெரவற இரும்பு பிளேடப் பத்தி, "டிராக்டர் அகலத்துக்கு 6 அடி பிளேடு போதும், நேரா இழுத்தாலே இட்டேரி சமமாயிடும்"னு மேல போட்டிருக்கீங்க. தோட்டத்துச் சாளை வாசல நெரவறதுக்கு அது சரிங்க. இட்டேரி மாதிரி வண்டி போற மண் வழித்தடத்துக்கு ஆகாது.

தடத்துல பிளேட நேரா வெச்சு இழுக்கறதில்லீங்க, 30 டிகிரி கோணம் குடுப்போம். அப்பத்தான் ஓரத்துல ஒதுங்குன மண்ணு நடுவுக்கு ஏறும். அந்தக் கோணத்துல 6 அடி பிளேடு 5.2 அடிதான் வழிக்கும். பின்சக்கரத் தடம் வெளிய நிக்கும். 7 அடின்னா 6 அடி கிடைக்கும். வாங்கறதுக்கு முந்தி பின்டயருக்கு வெளியளவு டேப்புல புடிச்சுப் பாத்துருங்க.

நடுமேடு இல்லாம சமமா விட்டா மழைத்தண்ணி சக்கரத் தடத்துலயே ஓடி அரிச்சுரும். 10 அடித் தடத்துக்கு ஓரத்தவிட நடு ரெண்டு, ரெண்டரை அங்குலம் ஒசந்திருக்கோணும். ரெண்டு பக்கமும் தகடு அடைச்ச பெட்டி பிளேடு குழி நெரப்ப நல்லாருக்கும், ஆனா மண்ணப் பக்கவாட்டுல தள்ளி நடுவுக்கு ஏத்தாது.

எடையும் பாருங்க. லேசான பிளேடு காஞ்ச செம்மண்ணுல வெட்டாம மேலயே வழுக்கீட்டுப் போகும். மழை பேஞ்சு ஈரம் இருக்கறப்ப மெதுவா ஓட்டுங்க. வேகமாப் போனா அலை அலையாத்தான் வரும்.